கைடு சொல்லும் மென்பொருளில்தான் திசிஸ் செய்ய வேண்டுமா?

காட்பாடி நூலகம்:

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆர்க்காடு முழுக்க பிஎச்டி செய்கிற ஸ்காலர்களும் அவர்களை வழிநடத்தும் கைடுகளும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். துறைக்குத் துறை எழுதாத சட்டம் ஒன்று ஓடுகிறது. வணிகவியல் என்றால் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள். கணிதம் என்றால் சமன்பாடுகளை ஒழுங்காக அடுக்கும் லாடெக். நிலவியல் என்றால் வரைபடம் வரையும் ஆர்க்ஜிஐஎஸ். தமிழ்த்துறை என்றால் கைடு எந்தப் பழைய எழுத்துருவில் பழகினாரோ அது. ஸ்காலர் சேர்ந்தவுடனேயே "இதில்தான் செய்யணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "இதுவரைக்கும் எல்லாரும் அதில்தான் செய்தாங்க" என்பதைத் தாண்டி பதில் வருவதில்லை.

முதலில் விதி என்ன என்பதை வைத்துவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறைகளில் ஆய்வேட்டை எந்த மென்பொருளில் எழுத வேண்டும் என்ற பேச்சே இல்லை. ஆய்வேட்டின் மின்படி, அதைச் சேமித்து வைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். 2018இல் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஒப்புமை அளவைச் சொல்கின்றன: 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியே கொடுக்க முடியாது, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. இரண்டுமே கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற விதிகள். அது எந்த மென்பொருளில் பிறந்தது என்று கேட்பதில்லை.

என் கட்சி இதுதான்: கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கட்டளையிட கைடுக்கு முழு உரிமை உண்டு. அதை எந்த மென்பொருளில் செய்வது என்பது ஸ்காலரின் முடிவு. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

பாகாயம் புள்ளியியல்:

கட்சி சரி. ஆனால் "எந்த மென்பொருளாக இருந்தாலும் விடை ஒன்றுதானே" என்று நினைத்து அந்த முடிவுக்கு வரக் கூடாது. விடை ஒன்றாக வருவதில்லை. பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டுக்கு இரண்டு அட்டவணை, மொத்தம் 60 பேர். முதல் வரிசையில் 18, 12. இரண்டாம் வரிசையில் 10, 20. எஸ்பிஎஸ்எஸ்ஸில், இரு மாறிகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கிராஸ்டேப்ஸ் போட்டால் முதல் வரியில் பியர்சன் கைவர்க்கம் 4.286, பி மதிப்பு 0.038 என்று வரும். அது 0.05க்குக் கீழே என்பதால் ஸ்காலர் "தொடர்பு உண்டு" என்று எழுதுவார். இதே எண்களை ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மொழியில் கைவர்க்கச் சோதனைக்குக் கொடுத்தால் 3.281, பி மதிப்பு 0.070. "தொடர்பு இல்லை" என்று எழுத வேண்டி வரும். இரண்டும் தப்பில்லை. இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் ஆர் தானாகவே கைவர்க்க மதிப்பைச் சற்றுக் குறைக்கும் யேட்ஸ் திருத்தத்தைப் போட்டுவிடும். எஸ்பிஎஸ்எஸ் அதே யேட்ஸ் எண்ணை அடுத்த வரியில் "கன்டின்யூட்டி கரெக்‌ஷன்" என்ற பெயரில் காட்டும், யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. ஆரில் "கரெக்ட்" என்பதை "ஃபால்ஸ்" என்று வைத்தால் 4.286 வந்துவிடும்.

தரவை நான்காகப் பிரிக்கும் கால்மானத்திலும் இதே கதை. 1 முதல் 10 வரை பத்து எண்களுக்கு முதல் கால்மானம் எஸ்பிஎஸ்எஸ்ஸில் 2.75, ஆரில் 3.25. ஆரில் ஒன்பது வகைக் கணக்கு இருக்கிறது. தானாக எடுப்பது ஏழாவது வகை, எஸ்பிஎஸ்எஸ் எடுப்பது ஆறாவது. எக்செல்லில் "இன்க்" என்று முடியும் கால்மானச் சூத்திரம் ஆரோடு ஒத்துப்போகும், "எக்ஸ்க்" என்று முடிவது எஸ்பிஎஸ்எஸ்ஸோடு ஒத்துப்போகும்.

குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் இருவழி அனோவாவில், குழுக்களில் உள்ளவர்களின் எண்ணிக்கை சமமாக இல்லையென்றால் வேறுபாடு இன்னும் பெரிது. எஸ்பிஎஸ்எஸ் மூன்றாம் வகை வர்க்கக் கூட்டலை எடுக்கும். ஆரின் அடிப்படை அனோவா முதல் வகை, அதாவது மாறிகளை எந்த வரிசையில் எழுதினோமோ அந்த வரிசைப்படி. "கார்" தொகுப்பைப் போட்டு மூன்றாம் வகை கேட்டாலும், குழுக்களை எண்ணாகக் குறிக்கும் கான்ட்ராஸ்டை முதலில் "சம்" என்று மாற்றாவிட்டால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. இதைத் தெரியாமல் மாற்றிவிட்டு, கைடின் பழைய எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று ஸ்காலர் முழிப்பதும், "ஆர் தப்பா சொல்லுது" என்று கைடு முடிவு கட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

ஆகவே கைடு கட்டளையிட வேண்டியது இதை: எந்தச் சோதனை, எந்த வகை, திருத்தம் உண்டா இல்லையா, மென்பொருளின் பெயரும் பதிப்பும். நான்கும் முறையியல் அத்தியாயத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேள்வி வருவதும் அங்கிருந்துதான்.

ஆற்காடு நெறியாளர்:

எல்லாம் சரி. எனக்குத் திறக்கத் தெரியாத கோப்பைக் கொண்டு வந்தால் யார் திருத்துவது? ஒரு கைடிடம் ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் லாடெக், ஒருவர் வேர்டு, ஒருவர் கூகுள் டாக்ஸ், ஒருவர் லிப்ரே ஆபீஸ் என்றால் அத்தியாயம் வாசிக்கிற நேரத்தைவிட கோப்பைத் திறக்கிற நேரம் அதிகமாகும். திருத்துகிறவரின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை மறக்காதீர்கள்.

சத்துவாச்சாரி கணிதம்:

ஐயா சொல்வது நியாயம். ஆனால் அதற்கு மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை, திருத்தும் முறையை மட்டும் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

லாடெக்கில் எழுதுகிற ஸ்காலர் கைடுக்கு மூலக் கோப்பை அனுப்பவே கூடாது. பிடிஎஃப் அனுப்ப வேண்டும். இரண்டாம் முறை அனுப்பும்போது "லாடெக்டிஃப்" என்ற இலவசக் கருவியில் பழைய மூலத்தையும் புதிய மூலத்தையும் கொடுத்தால், நீக்கியது சிவப்பில் அடித்தும் சேர்த்தது நீலத்தில் அடிக்கோடிட்டும் ஒரு பிடிஎஃப் கிடைக்கும். வேர்டின் டிராக் சேஞ்சஸ் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாக இருக்காது. கைடு அதன்மேல் குறிப்பு எழுதலாம், அச்செடுத்துப் பேனாவாலும் எழுதலாம்.

கைடு வேர்டு கோப்பேதான் வேண்டும் என்றால் பேண்டாக் என்ற கருவி லாடெக்கை வேர்டாக மாற்றித் தரும். உரையும் சமன்பாடுகளும் பெரும்பாலும் ஒழுங்காக வரும். குறுக்குக் குறிப்பு எண்கள், பக்கத்தை மீறும் நீள அட்டவணைகள், டிக்ஸ் என்ற லாடெக் தொகுப்பில் வரைந்த படங்கள், நாமே எழுதிய கட்டளைகள் உடையும். அந்த வேர்டு பிரதியைத் திருத்தங்களைப் படிக்க மட்டும் வையுங்கள். அதில் வேலையைத் தொடர்ந்தால் இரண்டு மூலங்கள் ஆகிவிடும், கடைசியில் எது புதியது என்று யாருக்கும் தெரியாது.

அதேபோல கணிதத்தில் லாடெக்கைக் கட்டாயப்படுத்துவதையும் நான் ஆதரிக்கவில்லை. நூறு சமன்பாடு உள்ள ஆய்வேட்டுக்கு அது வரம். கணிதக் கல்வி பற்றி 15 சமன்பாட்டோடு எழுதுகிறவர் அதற்காகப் பல வாரம் செலவிட வேண்டியதில்லை. இப்போதைய வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியிலேயே லாடெக் முறையில் தட்டச்சு செய்யலாம்.

ஆங்கில ஆய்வேட்டில் தமிழ் வரிகள் வருகிறவர்களுக்கு ஒன்று. லாடெக்கை இணையத்தில் எழுத உதவும் ஓவர்லீஃப், புதுத் திட்டம் தொடங்கும்போது பிடிஎஃப்லாடெக் என்ற கம்பைலரைத்தான் எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்து வந்தால் பிழை காட்டும். அமைப்பில் கம்பைலர் என்ற இடத்தில் ஸீலாடெக் என்று மாற்றுங்கள். ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைச் சேர்க்கும்போது ஸ்கிரிப்ட் என்பதைத் தமிழ் என்று குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கும். லுவாலாடெக் என்றால் கூடுதலாக எழுத்தை வடிவமைக்கும் ரெண்டரரை ஹார்ஃப்பஸ் என்று வைக்க வேண்டும்.

ஆரணி தமிழ்த்துறை:

தமிழில் எழுதுகிற ஆய்வேடுகளைப் பற்றி ஒருவரும் விரிவாகப் பேசவில்லை, ஆகவே நான் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். கைடு சொல்வதைக் கேட்கவே கூடாத ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான்: யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடிக்கச் சொல்வது.

தமிழக அரசு 2010 ஜூன் மாதமே யூனிகோடை தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதன் பிறகும் பாமினியிலோ வேறொரு பழைய எழுத்துருவிலோ ஆய்வேடு கேட்பதற்கு அறிவார்ந்த காரணம் ஒன்றுகூட இல்லை. "டிடிபி சென்டரில் அதில்தான் அடிப்பார்கள்" என்பது காரணம் ஆகாது. எந்த டிடிபி சென்டரிலும் தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடு அடிக்க முடியும். பாமினி விசை அமைப்பே பழகிய கைக்கு, அதே விசையில் யூனிகோடு தருகிற என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாமினியில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரிவது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பிடிஎஃப் ஆக்கினாலும் உள்ளே அதேதான். ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கு உங்கள் முந்நூறு பக்கமும் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஒப்புமை சுழியம் என்று சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் எதையும் அது சோதிக்கவில்லை. இன்ஃப்ளிப்நெட்டின் ஆய்வேட்டுக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறியபின் யாராவது உங்கள் தலைப்பில் உள்ள சொல்லைப் போட்டு முழுவுரையில் தேடினாலும் கிடைக்காது. நான்கைந்து ஆண்டு உழைப்பு தேடலுக்கு அகப்படாமல் கிடக்கும்.

ஏற்கெனவே பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருப்பவர்கள் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றியில் ஒட்டாதீர்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் நூல்களின் ஆங்கிலத் தலைப்புகளும் சேர்ந்து உளறலாகிவிடும். வேர்டின் தேடு பெட்டியில் எழுத்துரு என்பதை அந்தப் பழைய எழுத்துருவாக வைத்துத் தேடி, அது அகப்படுகிற பகுதிகளை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு மூன்று பிழைகள் நிச்சயம் இருக்கும். "ரி" இருக்க வேண்டிய இடத்தில் கால்வாங்கியின் மேல் விசிறி போட்டு "ாி" என்று இருக்கும். "ர்" இடத்தில் "ா்" என்று இருக்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. கால்வாங்கிக்குப் பின் விசிறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது, ஆகவே இவற்றை மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம். இரண்டாவது, "கொ" என்பதன் உயிர்க்குறி ஒரே குறியாக இல்லாமல் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகக் கிடக்கும். இதையும் மொத்தமாக மாற்றலாம். மூன்றாவது "கௌ" என்பதற்குப் பதில் கொம்போடு "ள" எழுத்து. இதை மட்டும் மொத்தமாக மாற்றாதீர்கள். பாலாற்று மீன்களைப் பற்றி எழுதுகிற ஒருவர் அப்படிச் செய்தால் கெளுத்தி சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஆற்காடு நெறியாளர்:

யூனிகோடு விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் யூனிகோடில் அடித்துக் கொண்டு வந்தால் ஸ்காலர் மடிக்கணினியில் 212 பக்கம், என் கணினியில் 226 பக்கம் என்று வருகிறது. பொருளடக்கத்தில் உள்ள பக்க எண் ஒன்று, உள்ளே வேறு ஒன்று. பழைய எழுத்துருவில் இந்தத் தொல்லை இல்லை என்றுதான் பலர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரணி தமிழ்த்துறை:

அது யூனிகோடின் குறை இல்லை ஐயா, எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாததால் வருவது. லதா எழுத்துரு முந்தைய விண்டோஸில் கூடவே வந்தது. விண்டோஸ் 10 முதல் அது தனியாக நிறுவ வேண்டிய கூடுதல் எழுத்துருத் தொகுப்பில் போய்விட்டது. இல்லாத கணினியில் வேர்டு தானாக நிர்மலா போன்ற வேறொன்றைப் போடும். அகலம் மாறும், வரி மாறும், பக்கம் மாறும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கச் சொல்லும் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வேர்டு தமிழைச் சிக்கல் எழுத்து வகையில், அதாவது காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் வகையில் வைக்கிறது. ஃபான்ட் பெட்டியைத் திறந்தால் லத்தீன் எழுத்துக்கு ஒரு கட்டம், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு கட்டம், இரண்டுக்கும் தனித்தனி அளவு. அத்தியாயத் தலைப்பை 16 என்று ஸ்டைலில் வைத்தும் தமிழ் மட்டும் 12இல் நிற்கிறது என்றால் மேல் கட்டத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். தடிப்பும் அப்படியே. ஸ்டைலை மாற்றும்போது இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். ஒவ்வொரு தலைப்பாகக் கையால் மாற்றிக்கொண்டு போனால் பொருளடக்கம் எந்நாளும் சரியாக வராது.

ராணிப்பேட்டை நிலத்தடி:

மென்பொருளைக் கைடு சொல்லத்தான் வேண்டும் என்பது என் நிலை. ஆய்வகம் என்றால் ஒருவர் வேலையின்மேல் அடுத்தவர் கட்டுகிறார். பாலாற்றுப் படுகையில் ஒருவர் எடுத்த குரோமிய அளவுகளை அடுத்த ஸ்காலர் ஐந்து ஆண்டு கழித்து ஒப்பிட வேண்டும். ஒருவர் ஆர்க்ஜிஐஎஸ்ஸில் வரைந்தார், அடுத்தவர் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் வரைந்தார் என்றால் வரைபடங்கள் பொருந்தாது.

காரணம் இது. அருகிலுள்ள கிணற்றுக்கு அதிக எடை தரும் ஐடிடபிள்யூ முறையில் கிணறுகளுக்கு இடைப்பட்ட இடத்தின் மதிப்பைக் கணிக்கும்போது இரண்டும் தூரத்தின் அடுக்கு 2 என்றுதான் எடுக்கின்றன. ஆனால் ஆர்க்ஜிஐஎஸ் வழக்கமாக அருகிலுள்ள 12 புள்ளிகளை மட்டும் பார்க்கும். க்யூஜிஐஎஸ்ஸின் சாதாரண ஐடிடபிள்யூ எல்லாப் புள்ளிகளையும் பார்க்கும். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் அளவு மிக அதிகம் உள்ள ஒரு கிணறு, எல்லாப் புள்ளிகளும் சேரும்போது தொலைவில் உள்ள ஊர்களின் மதிப்பையும் சற்று ஏற்றிவிடும். குடிநீரில் குரோமியத்துக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த வரம்பை ஒட்டி நிற்கிற ஊர் ஒரு வரைபடத்தில் பாதுகாப்பு, இன்னொன்றில் ஆபத்து என்று வரும்.

காட்பாடி நூலகம்:

நீங்கள் சொன்னதிலிருந்தே எழுகிற கேள்வி: சிக்கல் மென்பொருளிலா, எத்தனை புள்ளி என்று எழுதி வைக்காததிலா?

ராணிப்பேட்டை நிலத்தடி:

இரண்டிலும். எழுதி வைத்தால் க்யூஜிஐஎஸ்ஸிலும் ஜிடால் என்ற கருவி வழியாகத் தேடும் ஆரத்தையும் புள்ளி எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தில் ஒருவர்தான் எழுதுவார்.

அப்படியென்றால் மென்பொருள் எதுவானாலும் என் மாணவர்கள் ஒப்படைக்க வேண்டியவை இவை. புள்ளித் தரவு ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவில். ஷேப் ஃபைல் வேண்டாம். அதில் நெடுவரிசைப் பெயர் 10 எழுத்தோடு வெட்டுப்படும், பென் டிரைவில் எஸ்எச்பி கோப்பை மட்டும் எடுத்து வந்து டிபிஎஃப், எஸ்எச்எக்ஸ், பிஆர்ஜே கோப்புகளை விட்டுவிடுவார்கள், பிறகு திறக்காது, திறந்தாலும் இடங்களைக் குறிக்க எந்த ஒருங்கு முறை எடுத்தார்கள் என்று தெரியாது. ஒருங்கு முறை டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம் 44 வடக்கு. குறியீட்டு எண் 32644. வாணியம்பாடி முதல் அரக்கோணம் வரை முழுக்க இந்த ஒரே மண்டலத்துக்குள் வந்துவிடும். தூரம் கணக்கிடும் எந்த வேலையையும் டிகிரியில் செய்யக் கூடாது. கூடவே ஒரு உரைக் கோப்பு: முறை, அடுக்கு, புள்ளி எண்ணிக்கை, செல் அளவு.

பாகாயம் புள்ளியியல்:

குரோமியம் என்றதும் சேர்க்க வேண்டியது: கருவியின் கண்டறியும் வரம்புக்குக் கீழே உள்ள மாதிரிகள். நிலத்தடி நீர்த் தரவில் இவை நிறைய வரும். எஸ்பிஎஸ்எஸ் மெனுவில் இதற்கென்று நேரடி வழி இல்லாததால் ஸ்காலர் அங்கே 0 போடுவார், அல்லது வரம்பில் பாதியைப் போடுவார். சராசரி, திட்ட விலக்கம் இரண்டுமே கோணும். ஆரில் இதற்கென்றே "நாடா" என்ற தொகுப்பு உள்ளது. "எஸ்பிஎஸ்எஸ்தான்" என்று கைடு சொன்னால் அவர் அறியாமலேயே பகுப்பாய்வு முறையையும் கட்டளையிட்டுவிடுகிறார். மென்பொருளைக் கட்டாயப்படுத்துவதில் எனக்குள்ள பெரிய எதிர்ப்பு இதுதான்.

வணிகவியலில், மாறிகளின் உறவுகளை மாதிரியாக்கும் ஏமோஸ் மென்பொருள் கட்டாயம் என்பதும் இப்படியே. லவான் என்ற ஆர் தொகுப்பில் அதே மாதிரியைப் போட்டால் எண்கள் ஏறக்குறைய ஒத்துவரும், விடுபட்ட பதில்கள் இல்லாதவரை. விடுபட்டது இருந்தால் லவான் தானாக அந்த வரிசையையே தள்ளிவிடும். "மிஸ்ஸிங்" என்பதை "ஃபிம்ல்" என்று சொன்னால்தான் முழுத் தகவலையும் பயன்படுத்தும். வினாத்தாள் 400 வாங்கி 340க்கு முடிவு எழுதிவிட்டு, மீதி எங்கே என்று வைவாவில் கேட்டால் விழிக்க நேரும்.

திருப்பத்தூர் ஸ்காலர்:

மேற்கோள் மென்பொருள் பற்றி ஒரு சந்தேகம். கைடு எண்ட்நோட்டில், ஸ்காலர் ஜொடேரோவில், இணை நெறியாளர் மெண்ட்லேயில். மூவரும் ஒரே கட்டுரைக்கு மேற்கோள் சேர்க்க வேண்டும் என்றால் வழி உண்டா, இல்லை ஒருவர் சொல்வதற்கு மற்றவர்கள் பணிய வேண்டுமா?

காட்பாடி நூலகம்:

ஒரே கட்டுரை என்றால் பணியத்தான் வேண்டும், இங்கே சமரசம் கிடையாது. ஒரே வேர்டு கோப்பில் இரண்டு மேற்கோள் மென்பொருள்களின் குறிகள் கலந்தால் துணைநூற்பட்டியல் இரண்டாகும், எண் வரிசை குலையும். யாருடைய கணினியில் கட்டுரை கடைசியாக இதழுக்குப் போகிறதோ அவருடைய மென்பொருள். மற்ற இருவரும் தங்கள் தொகுப்பை மேற்கோள்களுக்கான பொது வடிவமான ஆர்ஐஎஸ்ஸில் ஏற்றுமதி செய்து கொடுத்தால் மூன்றும் ஏற்றுக்கொள்ளும்.

ஆய்வேடு அப்படி இல்லை. அது ஸ்காலர் ஒருவருடையது, பட்டம் முடிந்தபின்னும் அந்தத் தொகுப்பு அவரோடு போகும். அங்கே கைடு கட்டாயப்படுத்த இடமில்லை. ஜொடேரோ என்று நான் சொல்வதற்குக் காரணம், உள்ளே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் முழுதாக வெளியே எடுக்கலாம். மெண்ட்லே 2018இல் கணினியில் உள்ள தரவுத்தளத்தைப் பூட்டிவிட்டது; பழைய டெஸ்க்டாப் பதிப்பைத் தரவிறக்குவதும் 2022 செப்டம்பரோடு நின்றது. ஒரு நிறுவனத்தின் முடிவை நம்பி ஐந்தாண்டுத் தொகுப்பை வைக்கக் கூடாது.

ஜொடேரோவில் இலவச இடம் 300 எம்பி. கட்டுரைகளின் பிடிஎஃப் சேர்ந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். குறிப்புகளை மட்டும் ஒத்திசைக்க விட்டு, பிடிஎஃப் ஒத்திசைவை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். பிடிஎஃப்களுக்குத் தனியாக நகல் எடுத்து வையுங்கள்.

கைடு வேர்டு, ஸ்காலர் லிப்ரே ஆபீஸ் என்றால் கவனம். வழக்கமான முறையில் சேர்த்த மேற்கோள் குறிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றில் சேமிக்கும்போது வெறும் உரையாகிவிடும், பிறகு புதுப்பிக்க முடியாது. ஜொடேரோவின் ஆவண விருப்பங்களில் வேறு சொற்செயலிக்கு மாற்று என்ற வழி இருக்கிறது. அதை அழுத்திச் சேமித்து, அந்தப் பக்கம் திறந்து ஜொடேரோவை ஒருமுறை புதுப்பித்தால் குறிகள் மீண்டும் உயிர்பெறும். புக்மார்க் முறை என்றும் ஒன்று உண்டு, அதில் அடிக்குறிப்பில் மேற்கோள் வைக்க முடியாது. தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை ஆய்வேடுகளுக்கு அது உதவாது.

பெயர் இடும்போது, "க. முருகன்" என்றால் குடும்பப் பெயர் கட்டத்தில் முருகன், முதற்பெயர் கட்டத்தில் க. தப்பாக மாற்றிப் போட்டால் பட்டியல் முழுக்கத் தலைப்பெழுத்து வரிசையில் அடுக்கும்.

வாலாஜா வணிகவியல்:

யாரும் வாய் திறக்காத ஒன்றைச் சொல்கிறேன். எஸ்பிஎஸ்எஸ் கட்டாயம், ஆனால் கல்லூரியில் உரிமம் இல்லை. ஸ்காலர் என்ன செய்வார்? ப்ரௌசிங் சென்டரில் கிராக் செய்த பிரதியைப் போட்டு வாங்குவார். ஆய்வேட்டில் "ஐபிஎம் எஸ்பிஎஸ்எஸ் பதிப்பு இன்னது" என்று கையெழுத்திட்டு எழுதுவார். உரிமம் இல்லாமல் பயன்படுத்தியதற்கான ஒப்புதல் வாக்குமூலத்தை முறையியல் அத்தியாயத்திலேயே வைக்கிறோம். இதழ்கள் உரிமம் பற்றிக் கேட்டால் காட்ட ஒன்றும் கிடையாது. அந்த கிராக் கோப்போடு வருகிற வைரஸ் பென் டிரைவ் வழியாகத் துறையின் எல்லாக் கணினிக்கும் பரவும்.

கைடு ஒரு கட்டண மென்பொருளைக் கட்டாயம் என்றால் அதன் உரிமத்துக்கும் துறை பொறுப்பேற்க வேண்டும். இல்லையென்றால் கட்டாயம் என்ற சொல்லையே எடுத்துவிட வேண்டும். பிஎஸ்பிபி என்ற இலவச மென்பொருள் எஸ்பிஎஸ்எஸ்ஸின் எஸ்ஏவி கோப்புகளை அப்படியே திறக்கும். டி சோதனை, அனோவா, கைவர்க்கம், குரோன்பாக் ஆல்ஃபா, காரணிப் பகுப்பாய்வு எல்லாம் உண்டு. முதுகலைத் திட்டக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. ஆரில் ஹேவன் தொகுப்பும் எஸ்ஏவி கோப்பைப் படிக்கும், மதிப்பு லேபிள்களோடு சேர்த்து.

ஆற்காடு நெறியாளர்:

வாலாஜா நண்பர் சொன்னதற்கு மறுபேச்சில்லை. உரிமம் தராமல் கட்டாயப்படுத்துவது தவறு.

ஆனால் ஓர் இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தரவு உள்ளீடு. அங்கே கைடு சொல்வதுதான் சட்டம். எக்செல்லில் மனம்போன போக்கில் அடித்துக்கொண்டு வருவதை ஏற்க முடியாது. மருத்துவமனை எண் 00457 என்று அடித்தால் எக்செல் முன்சுழியங்களை விழுங்கி 457 ஆக்கும். "3-4" என்று வயது வகையை அடித்தால் தேதி ஆக்கிவிடும். மரபணுப் பெயர்களை இப்படித் தேதியாக்கிய தொல்லை தாங்காமல் 2020இல் அந்த மரபணுக்களுக்கே பெயர் மாற்றினார்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. அதே 2020இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கோவிட் தொற்றாளர் பதிவுகள் இதனால் கணக்கில் வராமல் போயின.

பாகாயம் புள்ளியியல்:

இதில் ஐயாவோடு முழுதாக நிற்கிறேன். ஆனாலும் எக்செல்லைத் தடை செய்ய வேண்டியதில்லை. எண்களை உள்ளிடும் முன் நெடுவரிசையைத் தேர்ந்து வடிவத்தை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும், அடித்த பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பாது. டேட்டா வேலிடேஷனில் வயதுக்கு 18 முதல் 90, பாலினத்துக்கு 1, 2 என்று எல்லை போட வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரே செய்தி. செல் வண்ணத்தில் எந்தத் தகவலையும் வைக்கக் கூடாது, எந்தப் பகுப்பாய்வு மென்பொருளும் வண்ணத்தைப் படிக்காது. மூலத் தரவை சிஎஸ்வி ஆக ஒரு நகல் எடுத்து அதைத் தொடாமல் வைக்க வேண்டும். சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், சாதாரண சிஎஸ்வி என்றால் தமிழ்ப் பதில்களெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சத்துவாச்சாரி கணிதம்:

இதையெல்லாம் முதல் ஆய்வுக் குழுக் கூட்டத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஆய்வேட்டுக்கு முன் சுருக்கம் கொடுக்கிற சினாப்சிஸ் நேரத்தில் மாற்றச் சொன்னால்தான் ஸ்காலருக்கு ஆண்டு போகிறது. முதல் கூட்டக் குறிப்பில் நான்கு வரி போதும்: திருத்தம் எந்த வடிவில் போகும், தரவு எந்த வடிவில் ஒப்படைக்கப்படும், கட்டண மென்பொருள் என்றால் உரிமம் யாருடையது, பாதியில் மாற்ற வேண்டி வந்தால் கூடுதல் அவகாசம் உண்டா. கைடும் ஸ்காலரும் கையெழுத்து. கைடு மாறினாலும் பணி ஓய்வு பெற்றாலும் அந்தத் தாள் ஸ்காலரைக் காக்கும்.

திருப்பத்தூர் ஸ்காலர்:

கடைசியாக ஒன்று. ஷோத்கங்காவுக்கு அத்தியாயம் அத்தியாயமாக பிடிஎஃப் கேட்கிறார்கள். வேர்டில் எழுதியதை எப்படிப் பிரிப்பது? அத்தியாயத்துக்கு ஒரு வேர்டு கோப்பு என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் கைடு.

காட்பாடி நூலகம்:

அந்த யோசனை வேண்டாம். கோப்பைத் துண்டாக்கினால் பக்க எண், அட்டவணை எண், குறுக்குக் குறிப்பு, மேற்கோள் எண் நான்கும் கையால் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். கடைசிவரை ஒரே வேர்டு கோப்பு. முழுதையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிய பிறகு பிடிஎஃப்சாம் போன்ற இலவசக் கருவியில் பக்க எல்லை கொடுத்துப் பிரியுங்கள். கடவுச்சொல் எதுவும் போடாதீர்கள்.

பிடிஎஃப் ஆக்கும்போது பிரிண்ட் வழியாகப் போகாதீர்கள். சேவ் ஆஸ் என்று போய் பிடிஎஃப் தேர்ந்து, ஆப்ஷன்ஸில் அணுகலுக்கான அமைப்புக் குறிகள் என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லாடெக்காரர்கள் ஸீலாடெக்கில், நகலெடுக்கும்போது சரியான எழுத்தைத் தரும் ஆக்சுவல்டெக்ஸ்ட்டை உருவாக்கும் கட்டளையை 1 என்று வைக்க வேண்டும். பிறகு ஏதாவதொரு தமிழ்ப் பத்தியை பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்பும் ஒற்றும் இடம் மாறாமல் வந்தால் அனுப்பலாம். மாறி வந்தால் பிடிஎஃப்பைத் திருத்த முயல வேண்டாம். மூலக் கோப்புக்குத் திரும்பி, மேலே சொன்ன அமைப்புகளைப் பார்த்து மறுபடியும் எடுங்கள்.